பல் பிடுங்கும் முன் சொல்ல வேண்டியது

1

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் என் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்குவதாக இருந்தது. அன்றைக்குப் பிடுங்கவில்லை. பத்து நாள் தள்ளித்தான் பிடுங்கினார்கள். அந்தப் பத்து நாளும், இதை ஊரில் இருக்கிற நம் சனங்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷமும் அட்டனில் மூன்று வருஷமும் படித்தவன். எழுத்தில் பிழை இருக்கும். விஷயத்தில் பிழை வரக்கூடாது என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

இலங்கையில் எண்பத்து மூன்றில் நடந்த கலவரத்துக்கு அடுத்த வருஷம் நான் மேற்கு ஜெர்மனிக்கு வந்தேன். இப்போது நாலு வருஷம் ஆகிறது. இது சின்ன ஊர். ரொட்டி ஆலையில் வேலை. என் மகள் ஸ்டெல்லாவுக்குப் பதினைந்து வயது. டிக்கோயாவில் என் அக்காவிடம் வளர்ந்தவள், மூன்று வருஷத்துக்கு முன்னால் என்னிடம் வந்து சேர்ந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவளுடைய அம்மா பிலோமினா எழுபத்தேழாம் வருஷம் தவறிப்போனாள். அப்போது ஸ்டெல்லாவுக்கு நாலு வயது. அம்மா காய்ச்சலில் செத்தாள் என்றுதான் அவளுக்குத் தெரியும். நானும் அதற்கு மேல் சொன்னதில்லை.

கல்லறைத் திருநாள் அன்று இங்கேயும் கல்லறைகளில் விளக்கு ஏற்றுகிறார்கள். சிவப்புக் கண்ணாடிக்குள் மெழுகுதிரி. மழை பெய்தாலும் அணையாது. நானும் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். ஏற்றுவதற்கு எனக்கு இங்கே கல்லறை இல்லை. சுவரோரமாகப் பெயர் அழிந்துபோன பழைய கல் ஒன்று கிடந்தது. யாரோ, அவரும் ஆண்டவருடைய பிள்ளைதானே என்று அதன் மேல் வைத்துவிட்டு, பிலோமினாவுக்காகச் செபமாலையில் பத்து மணி உருட்டிச் செபம் சொன்னேன். நானுஓயாப் பக்கம் இறங்குகிற மாதிரியே பனி இறங்கியது. ஆனால் பனிக்குள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நம் மலையில் பனி மூடினால் உள்ளேயிருந்து பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடுவது கேட்கும். இங்கே பனியும் தனியாகத்தான் வருகிறது.

அன்றைக்கு முழுக்க பல் விண்விண்ணென்று தெறித்தது.

2

பல் டாக்டரம்மா வயதானவர், முடி வெள்ளை. அவரிடம் போவதற்கு ஸ்டெல்லா பள்ளிக்கூடத்தில் அரைநாள் லீவு கேட்டிருந்தாள். எனக்கு ஆலையில் பேசுகிற அளவுக்குத்தான் பாஷை வரும். மாவு, தட்டு, சூடு, சீக்கிரம். பல் எப்படி வலிக்கிறது என்று அந்தச் சொற்களை வைத்துச் சொல்ல முடியாது. காசு வாங்காத மொழிபெயர்ப்பாளர் என்று அவளைப் பகிடி பண்ணுவேன். முன்பெல்லாம் சிரிப்பாள்.

காத்திருக்கிற அறையில் ஒரு கடுதாசியைக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் முழுக்கக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டம், ஆம் என்று ஒன்று, இல்லை என்று ஒன்று. ஸ்டெல்லா பேனாவை வைத்துக்கொண்டு வாசித்தாள்.

"இருதய வருத்தம்... இல்ல, அத எப்படிச் சொல்றது, நெஞ்சுக் கோளாறு இருக்கான்னு கேக்குறாங்கப்பா. தினமும் ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களான்னும் கேக்குது."

எனக்கு இருக்கிறது. போன பனிக்காலத்தில் படி ஏறும்போது விழுந்து இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அன்றையிலிருந்து தினமும் ஒரு மாத்திரை. இரத்தம் கட்டியாகாமல் இருப்பதற்கு என்று சொன்னார்கள். மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். ஆனால் என்ன நோய் என்று ஆலையில் யாருக்கும் தெரியாது.

"அதெல்லாம் எழுதாத" என்றேன்.

"ஏன்?"

"ஆலைக்குப் போயிரும். அப்புறம் விசா ஆபீசுக்குப் போயிரும். சீக்காளிய எவன் வச்சிருப்பான்? நம்மளத் திருப்பி அனுப்பிருவாங்க."

"பல் டாக்டர் ஏன்பா அங்கெல்லாம் அனுப்பப்போறாங்க?"

"ஒனக்குத் தெரியாது புள்ள. எல்லா ஆபீசும் ஒண்ணுதான்."

அவள் என்னைப் பார்த்தாள். அப்பாவுக்கு எதுவும் புரிவதில்லை என்கிற பார்வை. இந்த மூன்று வருஷத்தில் அவள் கற்றுக்கொண்டது. பிறகு பேனாவைக் கடுதாசியில் வைத்தபடி கேட்டாள்.

"அப்ப, ஒண்ணும் இல்லைன்னே போட்டுறவா?"

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அம்மா இதே கேள்வியை என்னிடம் கேட்டிருந்தாள்.

3

நம் தோட்டங்களில் வைத்தியம் எப்படி நடந்தது என்று என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். இளையவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்து மருந்துக் கொட்டகையில் டிஸ்பென்சர் ஐயா இருப்பார். பிரசவமும் அவர்தான், பல்லும் அவர்தான். அவருக்குச் சம்பளம் கொடுப்பது தோட்டம். அவர் எழுதுகிற சீக்குப் புத்தகம் சாயங்காலம் தோட்ட ஆபீசுக்குப் போகும். தோட்டத்து மேனேஜர் துரை புரட்டிப் பார்ப்பார். இன்னாருக்கு நெஞ்சுக் கோளாறு, இன்னாருக்கு இழுப்பு என்று அதில் விழுந்துவிட்டால், மறுநாள் காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்தி வேலைக்குப் பேர் கூப்பிடும்போது கணக்கப்பிள்ளை அந்தப் பேரைக் கூப்பிட மாட்டார். பேர் விழவில்லையென்றால் அன்றைக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. அதனால் நாங்கள் எல்லோரும் டிஸ்பென்சர் ஐயாவிடம் கண்ணுக்குத் தெரிகிற நோயை மட்டும் காட்டுவோம். கண்ணுக்குத் தெரியாததை மூடி வைப்போம். அதைப் பொய் என்று நாங்கள் நினைத்ததேயில்லை. பிழைப்பு அப்படி.

பிலோமினாவுக்குச் சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கி நீண்ட நாள் காய்ச்சல் அடித்ததாம். ஸ்டெல்லா வயிற்றில் இருந்தபோது கண்டிக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். அங்கே ஒரு பெரிய டாக்டர் நெஞ்சில் குழல் வைத்து வெகுநேரம் கேட்டார். தமிழ் டாக்டர். இருதயத்துக்குள் கதவு மாதிரி ஒன்று இருக்கிறது, அது இவளுக்குச் சரியாக மூடுவதில்லை என்றார். இங்கிலீசில் எழுதி ஒரு சின்ன அட்டை கொடுத்தார். "பல்லு புடுங்கினாலும் சரி, சின்ன ஆபரேசன் செஞ்சாலும் சரி, மொதல்ல இதக் காட்டுங்க. முன்கூட்டியே மருந்து போட்டுக்கணும். காட்ட மறந்துறாதீங்க" என்று என்னிடமும் அவளிடமும் தனித்தனியாகச் சொன்னார். அந்த அட்டையை மாதா படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தோம்.

எழுபத்தேழில் அவளுக்குப் பல்வலி வந்து கன்னம் வீங்கியது. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்ட முடியவில்லை. தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டபின் புதிதாக வந்திருந்த துரை சீக்காளிகளின் பேரை வெட்டிக்கொண்டிருந்த நேரம் அது. வீட்டிலே மாவுக்கும் தட்டுப்பாடு. மருந்துக் கொட்டகைக்குக் கிளம்பும்போது அவள் அட்டையை எடுத்து முந்தானையில் முடிந்தாள். நான் அதை வாங்கித் திரும்பவும் படத்துக்குப் பின்னால் சொருகினேன்.

"அத எடுக்காத. பேரு போயிரும்."

"ஐயா கேட்டா என்னங்க சொல்றது?"

"கேட்டா ஒண்ணும் இல்லைன்னு சொல்லு. ஒரு பல்லுதான."

அவள் படத்தைப் பார்த்தாள். "அப்ப, ஒண்ணும் இல்லைன்னே சொல்லிறவா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

டிஸ்பென்சர் ஐயா கேட்டார். நல்ல மனுஷன், அவர் மேல் ஒரு குறையும் இல்லை. "வேற சீக்கு ஏதும் இருக்கா புள்ள?" என்று என் முன்னால்தான் கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். பல் சுலபமாக வந்தது. மறுநாளே மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனாள். பேரும் விழுந்தது. நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

மூன்றாவது வாரம் சாயங்காலமானால் காய்ச்சல் அடிக்க ஆரம்பித்தது. காலையில் இருக்காது. மழையில் நனைந்தது என்று நினைத்தோம். கொத்தமல்லி கொதிக்க வைத்துக் கொடுத்தோம். உடம்பு இளைத்தது, மூச்சு வாங்கியது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது ஒரு மாதம் ஓடியிருந்தது. அங்கே டாக்டர் நெஞ்சில் குழலை வைத்தவுடன் கேட்ட முதல் கேள்வி, "சமீபத்தில பல்லு ஏதும் புடுங்கினீங்களா?" பல் இருந்த இடத்துக் கிருமி இரத்தத்தோடு போய் அந்தக் கதவில் உட்கார்ந்துவிட்டதாம். ஆன மட்டும் பார்த்தார்கள். பன்னிரண்டாம் நாள் போய்ச் சேர்ந்தாள். கடைசிவரை அட்டையைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

4

நான் ஸ்டெல்லாவின் பேனாவைப் பிடித்துக்கொண்டேன். "ஆம்னு போடு" என்றேன். "மாத்திர பேரையும் எழுது. எல்லாத்தையும் எழுது."

உள்ளே போனதும் டாக்டரம்மா கடுதாசியை வாசித்துவிட்டுக் கையுறையைக் கழற்றி வைத்தார். இன்றைக்குப் பிடுங்க முடியாது, இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இரத்தம் லேசில் நிற்காது, இருதய டாக்டரிடம் எழுதிக் கேட்டு, இரத்தம் சோதித்துப் பார்த்தபின்தான் என்றார். ஸ்டெல்லா சொல்லிக்கொண்டு வந்தாள். பிறகு டாக்டரம்மா கடுதாசியைத் தூக்கிக் காட்டி ஏதோ கேட்டார். இல்லை என்ற கட்டத்தில் பேனா தொட்ட புள்ளி ஒன்று இருந்தது.

"முதல்ல இல்லைன்னு போட வந்தீங்களான்னு கேக்குறாங்கப்பா. ஏன்னு கேக்குறாங்க. கோவமா இல்ல, சும்மாதான் கேக்குறாங்க."

இதெல்லாம் ஆலைக்குப் போகாதா என்று கேட்கச் சொன்னேன். டாக்டரம்மாவுக்கு முதலில் விளங்கவேயில்லை. விளங்கினதும் அலமாரியைத் திறந்து, கடுதாசியை உள்ளே வைத்து, பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக் காட்டினார். பூட்டுகிற சத்தம் கேட்டது. நம் சீக்குப் புத்தகத்துக்கு ஒரு பூட்டு இருந்திருந்தால்.

அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். டாக்டரம்மாவைப் பார்த்துத்தான் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். அட்டை, படம், மருந்துக் கொட்டகை, எல்லாம். ஸ்டெல்லா வாக்கியம் வாக்கியமாக அவர்கள் பாஷையில் சொல்லிக்கொண்டு வந்தாள். முதல் நாலைந்து வாக்கியம் வரைக்கும், யாரோ தோட்டத்துப் பெண்ணின் கதை என்றுதான் அவள் நினைத்திருக்க வேண்டும். "நான்தான் அட்டைய வாங்கி வச்சிட்டேன்" என்று நான் சொன்னபோது அவள் நிறுத்திவிட்டாள்.

"யாருப்பா?" என்றாள்.

"ஒங்கம்மா."

அவள் அந்த வாக்கியத்தை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. டாக்டரம்மா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் ஒரு கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். வாய் கொப்பளிக்க வைத்திருக்கிற கோப்பைதான்.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் எனக்கு இரண்டு இருக்கை முன்னால் உட்கார்ந்தாள். அந்தப் பத்து நாளும் பேச்சு, சாப்பிட்டீங்களா, சாவி எங்கே, அவ்வளவுதான். நான் தனியாகச் செபமாலை சொல்வேன். அவளுடைய அறைக்கதவு மூடியிருக்கும். கோபித்திருந்தால் சமாதானம் சொல்லலாம். அவள் கோபித்த மாதிரியும் தெரியவில்லை. ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்துகொண்டு இத்தனை தனிமை உண்டு என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

5

பல் பிடுங்கப் போகிறவர்களுக்கு டாக்டரம்மா சொன்னதை எழுதுகிறேன். தோட்டத்தில் நாங்கள் செய்ததற்கு இதில் பாதி நேர்மாறு.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். மயக்கம் போட்டுத் தூங்க வைப்பதாக இருந்தால்தான் பட்டினி. மரத்துப்போகிற ஊசிக்கு அது வேண்டாம். முதல் தடவை நான் பயத்தில் சாப்பிடாமல் ஒருசந்தி இருந்து போனேன். சுவாமிக்கு ஒப்புக்கொடுத்ததாக ஆகட்டும் என்று நினைத்தேன். "சாமிக்கு வேற நாள்ல இருங்க, அன்னைக்குச் சாப்பிட்டுட்டு வாங்கன்னு சொல்றாங்க" என்று ஸ்டெல்லா சொன்னாள்.

பிடுங்கியபின் வைக்கிற துணியை அழுத்திக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும். அரை மணி நேரமாவது. என்னைப் போல மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அதற்கும் மேல். எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. துப்பக் கூடாது. நாங்கள் என்ன செய்வோம்? மருந்துக் கொட்டகையிலிருந்து லயத்து வீடு வரைக்கும் துப்பிக்கொண்டே வருவோம். பாதையில் சிவப்பாகக் கிடப்பதைப் பார்த்தே இன்றைக்கு யார் பல் பிடுங்கினார்கள் என்று சொல்லிவிடலாம். துளையில் இரத்தம் உறைந்து மூடி போல் நிற்குமாம். அந்த மூடிதான் மருந்து. துப்பினாலும் கொப்பளித்தாலும் அது பெயர்ந்துவிடும். வெற்றிலை, புகையிலை, சுண்ணாம்பு ஒன்றையும் அதில் அடைக்காதீர்கள். பீடியும் கூடாது. அன்றைக்குச் சூடான சாயத் தேநீரும் கூடாது. இது நமக்குக் கஷ்டம்தான், தெரியும். ஆற வைத்துக் குடியுங்கள். மரமரப்பு போகும்வரை எதையும் மெல்லாதீர்கள், உதட்டையே கடித்துக்கொள்வீர்கள்.

மறுநாளிலிருந்து இளஞ்சூட்டில் உப்புத் தண்ணீர், மெதுவாக. இரண்டு மூன்று நாளில் வலி குறைய வேண்டும். குறையாமல் கூடினாலோ, நாற்றம் வந்தாலோ, வீங்கினாலோ, இரத்தம் நிற்கவில்லையென்றாலோ திரும்பப் போய்க் காட்டுங்கள். வெட்கப்பட வேண்டாம். தினமும் சாப்பிடுகிற மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

இதெல்லாம் மறந்துபோனாலும் பரவாயில்லை, ஒன்றை மறக்காதீர்கள். சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்தவர்கள், நெஞ்சில் கோளாறு என்று எந்த டாக்டராவது சொன்னவர்கள், கேட்டாலும் கேட்காவிட்டாலும் வாயைத் திறந்து சொல்லுங்கள். புருஷன் வேண்டாமென்றாலும் சொல்லுங்கள். பல் பிடுங்கிச் சில வாரத்தில் காரணமில்லாமல் காய்ச்சல் வந்தால் கொத்தமல்லியோடு காத்திருக்காதீர்கள். பேர் போனால் போகட்டும். பேர் இன்னொரு மலையில் கிடைக்கும்.

6

பத்தாம் நாள் மத்தியானம் பல் வந்தது. வலிக்கவேயில்லை. உள்ளே ஏதோ இழுபடுவது மட்டும் தெரிந்தது. இரண்டு தையல் போட்டு, துணியைக் கடிக்க வைத்து, வீட்டுக்குப் போயும் கொஞ்ச நேரம் இப்படியே இருக்க வேண்டும், பேசக் கூடாது என்றார் டாக்டரம்மா. ஸ்டெல்லாதான் கூட வந்தாள். லீவு கேட்டிருக்கிறாள் என்று காலையில்தான் எனக்குத் தெரியும். பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் கோட்டைக் கழற்றாமல் நின்றாள்.

"அந்த அட்டை இருக்கா?" என்றாள்.

நான் வாயைத் திறக்கப் போனேன்.

"பேசாதீங்க. துணி வந்துரும். கையக் காட்டுங்க."

சுவரைக் காட்டினேன். டிக்கோயாவிலிருந்து நான் கொண்டுவந்த ஒரே சாமான் அந்த மாதா படம்தான். அவள் படத்தை இறக்கி, பின்னால் தகட்டை நெம்பினாள். அட்டை மஞ்சளாகியிருந்தது. எனக்கு இங்கிலீசு தெரியாது. இத்தனை வருஷமும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு எழுத்தும் நான் வாசித்ததில்லை. அவள் நின்றபடியே வாசித்தாள். இரண்டு தடவை வாசித்தாள். பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீசு.

"அம்மா பேரு போட்டிருக்கு" என்றாள். "வயசு இருபத்திரெண்டுன்னு போட்டிருக்கு."

நான் தலையாட்டினேன்.

"இத்தன நாளும் நீங்க சொல்லவே இல்ல."

அதற்கும் தலையாட்டத்தான் முடிந்தது. சொல்ல எவ்வளவோ இருந்தது. என்னை மன்னித்துவிடு என்றாவது சொல்லியிருக்கலாம். துணியைக் கடித்துக்கொண்டு கண்ணீர் விட்டேன். அன்றைக்குப் பிலோமினாவை வாய் திறக்க விடாதவன், இன்றைக்கு இப்படி உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றியது.

ஸ்டெல்லா படத்தைத் திரும்ப ஆணியில் மாட்டினாள். அட்டையைப் பின்னால் வைக்கவில்லை. படத்துக்கு முன்னால், சட்டத்தின் விளிம்பில் சாய்த்து வைத்தாள். பிறகு மேசையிலிருந்து என் செபமாலையை எடுத்தாள். அவள் அதைத் தொட்டு ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும்.

"நீங்க மனசுக்குள்ள சொல்லுங்க. நான் சொல்றேன்" என்றாள்.

தடுமாறித்தான் சொன்னாள். சில இடத்தில் நின்றாள். நான் எடுத்துக்கொடுக்க முடியாமல் விரலை அசைத்தேன். அவளே யோசித்துப் பிடித்துக்கொண்டாள். கடைசியில், இறந்தவர்களுக்காக வேண்டுகிற இடம் வந்தது. அங்கே பெயர் சொல்ல வேண்டும். பதினோரு வருஷமாக நான் ஒருவன் மட்டும் சொல்லிவந்த பெயர். அவள் அட்டையைப் பார்த்து, அதில் எழுதியிருந்த மாதிரியே முழுப் பெயரையும் நிதானமாக வாசித்தாள். வாசித்துவிட்டு, "எங்கம்மா" என்று சேர்த்துக்கொண்டாள்.

ஆமென் சொல்ல என்னால் முடியவில்லை. எனக்கும் சேர்த்து அவளே சொன்னாள்.